எட்டு நாலுக்கு வந்த பதில்

அத்தியாயம் பதினேழு

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. ஏற்காட்டு மருந்தகத்தில் வேலை பார்க்கும் ஈவ்லின், முன்பு காது கேளாதோர் பள்ளியின் விடுதியில் வார்டனாக இருந்தவள். அங்கே படித்த ஆன்மேரியைத் தன் அண்ணன் ஜெப்சனுக்குக் கட்டிவைத்தவளும் அவளேதான். அம்மா அற்புதத்துக்கு அந்தக் கல்யாணத்தில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் மருமகள் உண்டானதும் மாமியார் மனசு மாறிவிட்டது என்று போன வாரம் நாம் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்தகத்துக் கம்ப்யூட்டரில் ஈவ்லின் ஒரு பொத்தானை அழுத்தினாள். மலையெங்கும் அறுபத்தொரு போன்களுக்கு ஒரே சமயத்தில் ஒரு குறுஞ்செய்தி போனது.

'தண்ணீர்க் குடத்தை மூடி வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மருந்தகம் வாருங்கள். படித்துவிட்டால் 1 அனுப்புங்கள். அவசரத்துக்கு வண்டி வேண்டுமானால் 2 அனுப்புங்கள்.'

மலையில் ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டுமென்றால் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். சர்ச்சில் பூசை முடிந்ததும் சாமியார் வாசிப்பார். நர்ஸம்மா தெருமுனையில் நின்று கூப்பிடுவார். காது கேளாத இந்த அறுபத்தொரு பேருக்கும் இதில் எதுவும் எட்டாது. கொரோனா வந்தபோது ஊர் ஏன் கதவைச் சாத்திக்கொண்டது என்பதையே நாலு நாள் கழித்துத் தெரிந்துகொண்டவர்கள் இவர்களில் உண்டு. அதை நேரில் பார்த்த ஆத்திரத்தில்தான் ஈவ்லின் இந்த வேலையைத் தொடங்கினாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, வாசல் வாசலாக நின்று நம்பர் வாங்கினாள்.

சென்னையில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்டது. எட்டு மாதம் ஓடிவிட்டது. சுவரில் ஒரு பெரிய அட்டை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம். 1 என்று பதில் வந்தால் அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடிப்பாள். இன்றைக்குப் பதினோரு மணிக்கு அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து வெங்கடேஷ் வருகிறார். அவர் திருப்தியாகத் தலையாட்டினால் இந்தத் திட்டம் பக்கத்து மலைகளுக்கும் போகும்.

எட்டு நாலுக்கு முதல் பதில் வந்தது. ஆன்மேரியின் நம்பர். எப்போதும் முதலில் வருவது அவள் பதில்தான். ஈவ்லின் சிரித்துக்கொண்டே பச்சைப் பேனாவை எடுத்தாள். அண்ணன் பெண்டாட்டி என்பதால் சொல்லவில்லை, அந்த அட்டையில் ஒரு கட்டம்கூட வெள்ளையாக இல்லாத வரிசை ஆன்மேரியுடையதுதான். வருகிறவரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டரைக்கு ஜெப்சன் கூப்பிட்டான்.

"பாப்பா, சேலத்துல ஆஸ்பத்திரியில இருக்கேன். ஆன்மேரிக்கு வலிப்பு வந்துருச்சு."

"எப்பண்ணா?"

"காலையில அஞ்சரைக்கு. எஸ்டேட் ஜீப்புல போட்டுக் குப்பனூர் வழியா இறக்கிட்டு வந்தேன். வர்ற வழியில மறுக்காவும் வந்துச்சு. அப்ப இருந்து நெனவே இல்ல. அந்நேரத்துல நம்ம தலைச்சோலையில டவர் இல்ல, உன்னயக் கூப்பிட முடியல."

"அம்மா எங்கே?"

"துணிமணி, காப்பீட்டு அட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு ஏற்காடு வந்து பஸ்ஸுல வருது. பக்கத்தூட்டு மாதம்மாக்காதான் எங்கூட வந்தாங்க. நீ வா சாமி. டாக்டருங்க என்னமோ கேக்கறாங்க, எனக்குப் பதில் சொல்ல வாயே வர மாட்டேங்குது."

ஈவ்லின் அட்டையைப் பார்த்தாள். ஆன்மேரியின் வரிசையில் இன்றைய கட்டமும் பச்சையாக இருந்தது. விடிகாலையில் வலிப்பு வந்து நினைவு தப்பியவள் எட்டு நாலுக்கு எப்படிப் பதில் அனுப்புவாள்? அதை யோசித்து நிற்க நேரமில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

சேலம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவது சீட்டில் அற்புதம், மடியில் துணிப்பை. மகளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். அழுது அழுது முகம் தடித்திருந்தது.

"ஒண்ணும் ஆகாது இல்ல கண்ணு?"

"போய்ப் பார்த்தாத்தாம்மா தெரியும். கால் வீங்கியிருந்துச்சா அவளுக்கு?"

"ரெண்டு வாரமா வீங்கித்தான் இருந்துச்சு. புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கறது ஒரு சீக்கா? உன்னய வயித்துல வெச்சிருந்தப்ப எனக்குச் செருப்பே போட முடியல."

"தலைவலி?"

"தலையைப் புடிச்சுப் புடிச்சுக் காமிச்சா. தைலம் தேச்சு விட்டேன். நேத்து பூராவும் கண்ணைக் கசக்கிக்கிட்டே இருந்தா. தூக்கம் பத்தலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

பஸ் முதல் வளைவில் திரும்பியது. ஈவ்லினுக்குக் கோபம் வந்தது. அம்மா மேல் இல்லை, ஆன்மேரி மேல். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை இவள் அனுப்பிய செய்தியே அதுதான். 'கர்ப்பிணிகளுக்கு. கால், முகம் வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வலிப்பு வரலாம். குழந்தை இறக்கலாம். உடனே 2 அனுப்புங்கள், வண்டி வரும்.' ஒவ்வொரு சொல்லையும் டாக்டரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பிள்ளை உண்டான மூன்று பேரை மனசில் வைத்துத்தான் எழுதினாள். அதில் முதல் ஆள் ஆன்மேரி.

"அவ படிச்சவதானேம்மா. மூணு வாரத்துக்கு முந்தி இத்தனையும் அனுப்புனேன். படிச்சுட்டேன்னு பதில் போட்டா. அப்புறம் எப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தா? எனக்கு ஒரு வார்த்தை அனுப்பியிருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அற்புதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னைக்கும் எட்டு மணிக்குப் பதில் வந்திருக்குது. எனக்கு ஒண்ணுமே புரியல. போன் அண்ணன்கிட்டயா இருக்குது?"

ஈவ்லின் ஆன்மேரியின் நம்பரை அழுத்தினாள். அண்ணன்தான் எடுப்பான் என்று நினைத்தாள்.

அம்மாவின் மடியில் இருந்த துணிப்பைக்குள் ஒரு கீர்த்தனை பாட ஆரம்பித்தது.

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அற்புதம் பையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை. ஆன்மேரியின் போன் கல்யாணத்தன்றிலிருந்து அதிர மட்டும்தான் செய்யும். காது கேளாதவளுக்குப் பாட்டு எதற்கு? அந்தப் போனில் பாட்டு வைத்தது வேறு யாரோ. அது யார் என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

"எத்தனை நாளா உங்கிட்ட இருக்குது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஏன்?"

"பொழுதன்னைக்கும் அதை முன்னால நிறுத்தி வெச்சுக்கிட்டுக் கையக் கைய ஆட்டறா. அந்தப் பக்கத்துல அவகூடப் படிச்சவ ஒருத்தி ஆட்டறா. ரெண்டு பேரும் சிரிக்கறாளுக. என்ன பேசறாளுகன்னு எனக்கு என்ன தெரியும்? என்னயப் பத்தித்தான் பேசறாளோன்னு இருக்கும். அந்த வெளிச்சம் வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லி வாங்கி வெச்சேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"பிரசவம் வரைக்கும்தாண்டான்னு சொன்னேன். சரிம்மான்னான்."

"போனை நீ வெச்சுக்கிட்டது போகட்டும். நான் அனுப்பறதை மட்டும் அவகிட்டக் காமிச்சிருக்கலாமில்ல?"

"காமிச்சேன், காமிச்சேன். கொசு, தண்ணி, சக்கரை வியாதி எல்லாம் காமிச்சேன். அன்னைக்கு வந்ததுல வலிப்பு வரும், புள்ள செத்துப்போகும்னு போட்டிருந்துச்சு கண்ணு. எட்டு மாசப் புள்ளத்தாச்சி கண்ணுல அதைப் படச் செய்வாங்களா? சாவு ஊட்டுப் பக்கம்கூட நாம அவளை அனுப்பல. அதான் காட்டல."

"அப்புறம் எதுக்கு ஒண்ணு அனுப்புனே?"

இப்போதுதான் அற்புதம் மகளை நேராகப் பார்த்தாள். பார்வையில் ஏதோ நியாயம் கேட்கும் தோரணை இருந்தது.

"நீதானே சொன்னே, பதில் வரலைன்னா மெட்ராஸ்காரங்க திட்டத்தை நிறுத்திப்போடுவாங்கன்னு. நம்ம ஊட்டுல இருந்தே பதில் வராம இருந்தா உனக்கு எப்படி இருக்கும்? உனக்காகத்தான் சாமி, மணி எட்டு அடிச்சா நான் போனும் கையுமா உக்காந்துக்குவேன்."

"இன்னைக்குமா?"

"பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தேன். சத்தம் வந்துச்சு. கை அது பாட்டுக்கு அழுத்திருச்சு."

அற்புதத்தைக் கெட்டவள் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். எனக்கு வரும் வாசகர் கடிதங்களில் பாதி அப்படித்தான் கேட்கின்றன, அந்த மாமியாருக்கு எப்போது தண்டனை என்று. அவள் கெட்டவள் இல்லை. மருமகளுக்குத் தினமும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஆற வைத்துக் கொடுத்தவள். மகள் பிழைப்பு நன்றாக இருக்க வேண்டும் என்று திங்கட்கிழமை தவறாமல் உட்கார்ந்தவள். இந்த இரண்டு பிரியமும் ஒரே போனில் சந்தித்துக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

அடிவாரம் வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெப்சன் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாதம்மாள். ஈவ்லினைப் பார்த்ததும் மாதம்மாள்தான் எழுந்து வந்தாள்.

"ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க கண்ணு. பொண்ணு. வயித்துலயே உசுரு போயிருச்சாம்."

அற்புதம் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். மாதம்மாள் ஓடிப் போய்த் தாங்கினாள். ஜெப்சன் எழுந்திருக்கவில்லை. தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் தோளில் நெற்றியை வைத்தான்.

"நொம்ப நாளா பிரஷர் ஏறிக்கிட்டே இருந்திருக்கும்ங்கறாங்க பாப்பா. ரெண்டு வாரம் முந்தி கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டு உசுருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுங்கறாங்க. எனக்கு யாரு சொன்னா? நான் பாட்டுக்குக் காப்பி மூட்டை ஏத்திக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தேன்."

ஈவ்லின் அவன் முதுகைத் தடவினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று.

ஆன்மேரி பிழைப்பாளா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அடுத்த ஒரு நாள் முக்கியம் என்றார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்தாள்.

"ஆன்மேரிக்கு யாரு வந்திருக்கீங்க? கண்ணு முழிச்சுட்டாங்க. ஆனா எதுவுமே கேட்டுக்க மாட்டேங்கறாங்க. ட்ரிப்ஸைப் புடுங்கறாங்க, திமிர்றாங்க. வேற வழியில்லாம ரெண்டு கையையும் கட்டில்ல கட்டியிருக்கோம்."

ஈவ்லின் எழுந்துவிட்டாள்.

"சிஸ்டர், அவங்களுக்குக் காது கேக்காது. கையிலதான் பேசுவாங்க. கையைக் கட்டிட்டா வாயைக் கட்டுன மாதிரிங்க."

நர்ஸின் முகம் மாறியது. "ஐயோ, கேஸ் ஷீட்டுல யாரும் எழுதலைங்களே. வாங்க, வாங்க. ரெண்டு பேருக்கு மேல வேண்டாம்."

ஜெப்சன் தலையை அசைத்தான். "என்னால முடியாது பாப்பா. அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்ல என்னால முடியாது." அற்புதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பின்னால் வந்தாள். கதவுக்கு வெளியே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"புள்ள போனதைச் சொல்லு. சொல்லித்தான் ஆகோணும். போன் எங்கிட்ட இருந்ததைச் சொல்லிராதே சாமி. நெட்டு கிடைக்கலைன்னு சொல்லிப்போடு. தெரிஞ்சா அவ இந்த ஊட்டுல இருக்க மாட்டா. உங்கண்ணன் தனிமரமா நின்னுருவான்."

ஈவ்லின் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நர்ஸ் ஆன்மேரியின் வலது கைக் கட்டை அவிழ்த்தாள். இடது கையில் ஊசி இருந்ததால் அதை விட்டுவிட்டாள். மணிக்கட்டில் துணி அழுந்திய தடம் சிவந்திருந்தது. முகம் அடையாளம் தெரியாமல் ஊதியிருந்தது. ஈவ்லின் அவள் கண்ணுக்கு நேராகப் போய் நின்றாள். அற்புதம் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

கையால் பேசியதை நான் வாயால் பேசியதுபோல எழுதுகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"குழந்தை எங்கே?" என்றாள் ஆன்மேரி, ஒற்றைக் கையால்.

"இல்லை."

"ஆணா, பெண்ணா?"

"பெண்."

ஆன்மேரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் யாரும் அவளோடு பேச முடியாது. ஆறுதல் சொல்ல முடியாது, மன்னிப்புக் கேட்க முடியாது. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. ஈவ்லின் அதைத் துடைத்தாள். காத்திருந்தாள். அற்புதம் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கண் திறந்தது.

"தலை வலித்தது. நான் காட்டினேன். கண் தெரியவில்லை என்று காட்டினேன். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகுமா?"

"இல்லை. இது ஒரு நோய். முன்னாலேயே தெரிந்தால் மருந்து இருக்கிறது."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதி அனுப்பினேன்."

"எனக்கு வரவில்லை."

"என்ன கேக்கறா கண்ணு?" என்றாள் அற்புதம்.

நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று இரண்டு அசைவில் சொல்லிவிடலாம். மலையில் யாரும் நம்புவார்கள். இந்தப் பெண் பாதி உயிரோடு கிடக்கிறாள். இப்போது போய் இதைச் சொல்வதா? பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் ஆன்மேரிக்கு நல்லது என்று சொல்லி ஒரு சேதியை மறைத்ததால்தானே அவள் இங்கே கிடக்கிறாள். இன்னொன்றையும் அவள் நல்லதுக்காகவே மறைக்க வேண்டுமா? அம்மா செய்ததைத் தானும் செய்ய வேண்டுமா?

"வந்தது," என்றாள் ஈவ்லின். "உன் போனுக்கு வந்தது. போன் அம்மாவிடம் இருந்தது. அம்மா படித்தார். நீ பயந்துவிடுவாய் என்று காட்டவில்லை. படித்துவிட்டேன் என்று உன் பெயரில் பதில் அனுப்பினார்."

அம்மா என்று சொல்லும்போது அவள் விரல் கால்மாட்டைக் காட்டியது. அது தன்னைச் சுட்டியதுமே அற்புதத்துக்கு அந்த மொழி தெரியாமலே எல்லாம் தெரிந்துவிட்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றாள்.

ஆன்மேரி மாமியாரைப் பார்க்கவில்லை. ஈவ்லினையேதான் பார்த்தாள்.

"நான் உன்னிடம் சொல்ல வந்தேன். சர்ச் வாசலில். போனை வாங்கிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். நீ பஸ்ஸைப் பார்த்தாய்."

ஈவ்லினுக்கு நினைவு வந்தது. மழை தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆன்மேரி இவள் கையைத் தொட்டு நிறுத்தி ஏதோ ஆரம்பித்தாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. இவள் திரும்பிப் பார்த்து, அப்புறம் என்று சைகை காட்டிவிட்டு ஓடினாள். பார்க்கிற கண் விலகினால் அவள் பேச்சு பாதியில் அறுந்துவிடும். இது விடுதியில் ஆறு வருஷம் வேலை பார்த்த ஈவ்லினுக்குத் தெரியாத பாடமா? அவளே அங்கே ஆயாக்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இப்போது அவளுக்கு அவமானமாக இருந்தது. அம்மா மேல் பழியைப் போட்டுவிட்டுத் தான் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஓரத்தில் நினைத்திருந்தாள். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

"மன்னித்துவிடு," என்றாள்.

ஆன்மேரியின் கை தளர்ந்து போர்வை மேல் விழுந்தது. மறுபடி எழுந்தது.

"நான் ஒருத்திதானா?"

ஈவ்லினுக்கு உடனே விளங்கவில்லை.

"மற்றவர்கள் போன் யாரிடம் இருக்கிறது?"

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். இனி கையைக் கட்ட வேண்டாம், நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஈவ்லினின் கையைத் தட்டிக்கொடுத்தாள். அற்புதம் அதற்குள் வெளியே போயிருந்தாள்.

வராந்தாவில் ஈவ்லினின் போன் அடித்தது. வெங்கடேஷ்.

"மேடம், வர லேட்டாயிருச்சு, இப்ப மருந்தகத்துல இருக்கேன். அவசரமா கிளம்பிட்டீங்கன்னு சொன்னாங்க. பரவாயில்ல, சார்ட் பார்த்துட்டேன். அறுபத்தொண்ணுல அம்பத்தெட்டு பேர் வாராவாரம் பதில் தர்றாங்க. நாங்க வேற எங்கயும் இப்படிப் பார்த்ததில்ல."

"சார், அந்தச் சார்ட்டை நம்பாதீங்க."

"என்ன சொல்றீங்க?"

"யாரு பதில் அனுப்பறாங்கன்னு எனக்கே தெரியாதுங்க சார். ஒரு அரை மணி நேரம் கழிச்சு நானே கூப்பிடறேன்."

வெட்டிவிட்டாள். வராந்தா ஓரத்துக்குப் போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அவள் நம்பர் வாங்கிய விதத்தை நினைத்துப் பார்த்தாள். வாசலில் நின்று, இந்த ஊட்டுல காது கேக்காதவங்க இருக்காங்களாமே, அவங்க நம்பர் என்னங்க என்று கேட்டாள். பதில் சொன்னது யார்? பேச்சு வருகிறவர்கள். அண்ணன், மாமனார், புருஷன், கொழுந்தி. அவர்கள் சொன்ன நம்பரைத்தான் எழுதினாள். சொந்த அண்ணன் வீட்டிலேயே போன் கைமாறியது தெரியவில்லை. எட்டு மாதத்தில் அந்த அறுபத்தொரு நம்பரில் ஒன்றைக்கூட அவள் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. காது கேளாதவர்களுக்கு யாராவது போன் போட்டுப் பேசுவார்களா? அது மரியாதைக் குறைவு என்றுகூட நினைத்திருந்தாள்.

பிள்ளை உண்டான மூன்று பேரில் மீதி இரண்டு பேர். முதலில் மீனாட்சி, ஏற்காட்டுக் கடைவீதியில் தையல்காரி, ஐந்து மாதம். நம்பரை அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, தானாக நின்றது. யாரும் எடுக்காததற்காக ஈவ்லின் கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அரை நிமிடத்தில் மீனாட்சியிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா என்ன? போன் ஏன்?'

'கால் வீக்கம் இருக்கா? தலைவலி?' என்று கேட்டு அனுப்பினாள்.

'இல்லை. நல்லா இருக்கேன். நீங்க அனுப்பினது படிச்சேன். போன வாரம் டாக்டர் பார்த்தேன்.'

ஈவ்லினுக்கு அழுகை வந்தது. அப்படியென்றால் செய்தி போகிற இடத்துக்குப் போயிருக்கிறது. ஒரு ஆளுக்காவது போயிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயருக்கு வந்தாள்.

வீராயி. தலைச்சோலையைத் தாண்டி மேட்டில் ஒற்றை வீடு. தலைச்சன் பிள்ளை, எட்டாவது மாதம். அந்த நம்பரும் திங்கட்கிழமை தவறுவதில்லை.

இரண்டு தடவைதான் மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?" என்றது ஓர் ஆண் குரல்.

ஈவ்லின் தூணில் சாய்ந்துகொண்டாள். "இது வீராயி போன்தானுங்களே?"

"ஆமாங்க. அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராதுங்க. நான் அவ ஊட்டுக்காரன். மருந்தகத்துல இருந்துங்களா? படிக்க வராட்டியும் காலையிலயே ஒண்ணு அனுப்பிட்டனுங்களே."

"அவங்களுக்குக் கால் வீங்கியிருக்குதுங்களா?"

"ஆமாங்க, பத்து நாளா. இப்ப மூஞ்சியும் ஊதிக்கிச்சு. உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"இப்ப எங்க இருக்காங்க? பக்கத்துல இருக்காங்களா?"

"ஊட்டுல படுத்திருக்காளுங்க. தலைவலி தாங்கலையாட்ட, துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டா. காலையில கண்ணு சரியாத் தெரியாம செவுத்துல போயி முட்டிக்கிட்டா. தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போகும்னு கதவை வெளிய கொண்டி போட்டுட்டு நான் காட்டுக்கு வந்துட்டனுங்க."

"காட்டுக்கும் ஊட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"மேடு ஏறோணுங்க. ஒரு மணி நேரம் ஆகுமுங்க. ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஓடுங்க," என்றாள் ஈவ்லின்.